கொய்யாப்பழ ஒப்பந்தம்

முழக்கத்தாருக்கு அவர் வீட்டில் இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசைப்படிதான் சொல்ல வேண்டும். வரிசை பிசகினால் அவர் கையை உயர்த்தி நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஆகவே வரிசைப்படி.

முதலாவது அநீதி: சர்க்கரை டப்பா அலமாரியின் உச்சித் தட்டுக்கு ஏற்றப்பட்டது. எடுக்க வேண்டுமானால் ஸ்டூலில் ஏற வேண்டும். ஸ்டூல் அவரைத் தாங்காது. இது அவர் மனைவிக்குத் தெரியும். ஸ்டூலுக்கும் தெரியும்.

இரண்டாவது அநீதி: சாப்பாட்டுத் தட்டு மாற்றப்பட்டது. பழைய தட்டில் ஒரு குழந்தையை உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம். புதிய தட்டு, காப்பிக் கோப்பைக்கு அடியில் வைக்கும் தட்டுக்கு அண்ணன் முறை.

மூன்றாவது அநீதி: எடை பார்க்கும் கருவி கூடத்தில், வாசற்கதவுக்கு நேர் எதிரே நிறுவப்பட்டது. தபால்காரர் எட்டிப் பார்த்து, "நூத்திநாலா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். பதிவுத் தபாலைவிட அதில்தான் அவருக்கு அக்கறை.

நான்காவது அநீதி: சமையலறை வாசலில் இருந்த அவருடைய நாற்காலி, ஜன்னலோரம் நல்ல காற்று வரும் என்ற பொய்க் காரணத்தைக் காட்டி, பதினெட்டு அடி தள்ளிப் போடப்பட்டது. அவரே நாடா வைத்து அளந்தார்.

இந்த நான்கையும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். கடிக்க வேறு எதுவும் வீட்டில் மிச்சமில்லை. ஐந்தாவது அநீதியைப் பொறுக்கவில்லை. அதுதான் பழத் தடை.

முழக்கத்தார் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் மாவு பிசையும் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அதில் இருபத்தாறு ஆண்டுகள் சங்கச் செயலாளர். ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்காத சங்கம் அது. அவர் தொண்டையே போதும் என்பதால்தான் அந்தப் பெயர். பள்ளிக்கூடம் அவரை எட்டாம் வகுப்போடு கைவிட்டது, துண்டறிக்கைகள் கைவிடவில்லை. அடுத்தவர் எழுதியதைப் படித்தே படித்தவரானார். பிறகு தாமே நாற்பத்தோரு துண்டறிக்கைகள் எழுதினார். அவற்றை வாங்கிய தொழிலாளிகள் அதில் பிஸ்கட் மடித்து எடுத்துப் போனார்கள் என்பது அவருடைய ஆறாத புண். ஒவ்வொன்றையும் உட்கார்ந்து மடித்து, கட்டுக் கட்டாகக் கட்டித் தந்தவர் அவர் மனைவி. கட்டுகள் இன்னும் பரணில் இருக்கின்றன.

அவருடைய மாபெரும் வெற்றி, உடைந்த பிஸ்கட் போராட்டம். "உடைந்த பிஸ்கட்டை எவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது" என்று நிர்வாகம் அறிவிப்பு ஒட்டியது. பதினோரு நாள் வேலைநிறுத்தம். வெற்றி! அன்று முதல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வாரம் இரண்டு கிலோ. உரிமையை அனுபவிப்பதிலும் செயலாளரே முன்னணியில் நின்றார். அந்த உரிமை இன்றைக்கும் அவர் இடுப்பைச் சுற்றி நிற்கிறது.

அந்தப் போராட்டத்தைப் பற்றி எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசுவார். அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த பதினேழாவது துண்டறிக்கையைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அப்ப மனசு சரியில்லை" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

இனி, பழத் தடை.

மருத்துவமனையில் டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். முழக்கத்தாரின் வயிற்றைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"மூணு மாசச் சர்க்கரைச் சராசரி எட்டுப் புள்ளி ஒன்பது. இது ஏழுக்குக் கீழே வரணும். மூணு மாசம் டைம் தரேன். வரலைன்னா தினம் ஊசிதான்."

முழக்கத்தார் தடியடிக்குப் பயப்படாதவர். ஊசிக்குப் பயப்படுவார். அதைவிட, அவருடைய அண்ணனுக்கு இதே நோயில் இடது காலில் இரண்டு விரல்கள் போயின. அதை அவர் எந்தத் துண்டறிக்கையிலும் எழுதியதில்லை. அவர் மனைவி மறந்ததும் இல்லை.

டாக்டர் பேனாவைத் திறந்து, "சாப்பாட்டு விஷயத்துல..." என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து வெளியே சத்தம். பதினாலாம் டோக்கன்காரரைத் தள்ளிவிட்டு இருபதாம் டோக்கன்காரர் உள்ளே நுழையப் பார்க்கிறார். இப்படி ஒரு அநியாயம் நடக்கும்போது முழக்கத்தார் தம் சர்க்கரையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பாரா? எழுந்து போனார். கால் மணி நேரத்தில் பதினாலாம் டோக்கனின் உரிமையை மீட்டுவிட்டு வந்தார். அதற்குள் அவர் மனைவி ஒரு காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டிருந்தார்.

வீடு வந்து சேரும்வரை அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. ஏதோ கணக்குப் போடுகிற முகம். செருப்பைக் கழற்றியதும் சொன்னார்:

"ஏங்க, இன்னைக்கிலேர்ந்து உங்களுக்குப் பழம் கிடையாது."

"நான் எப்போம்மா பழம் கேட்டேன்?"

உண்மைதான். பத்து வருஷமாக அந்த அம்மாள் பழம் நறுக்கிக் கொண்டுவந்து வைப்பார், பத்து வருஷமாக அவர், "நான் என்ன ஆஸ்பத்திரியிலா படுத்திருக்கேன்?" என்று தட்டைத் தள்ளிவிடுவார். அவர் வயிற்றுக்குள் பழம் போக ஒரே வழி, ஜூஸாகிப் போவது. ஒரு கூஜா, நான்கு கரண்டி சர்க்கரை, கூடவே பன்னிரண்டு கிரீம் பிஸ்கட்.

"கேக்க மாட்டீங்க. இருந்தாலும் சொல்லிடறேன். கொய்யா, ஆப்பிள், ஆரஞ்சு, எதையும் தொடக் கூடாது."

"தொடவே கூடாதா?"

"முழுப் பழமா கடிச்சுத் தின்னவே கூடாது. தோலோட சுத்தமா கூடாது. ஜூஸ் வேணா கேளுங்க, சர்க்கரை தாராளமாப் போட்டுத் தரேன். பிஸ்கட்டும் இருக்கு, டப்பா நிறைய."

"யார் போட்ட உத்தரவு இது?"

"நான் போட்டது."

"காரணம்?"

அந்த அம்மாள் அடுப்பைப் பற்றவைத்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"காரணம் சொல்ற வழக்கம் இங்கே இல்லை."

முழக்கத்தாருக்கு முதுகுத்தண்டில் மின்சாரம் ஓடியது. இதே வாக்கியம்! தொழிற்சாலை மேலாளர் உடைந்த பிஸ்கட் அறிவிப்பை ஒட்டிய அன்று சொன்ன அதே வாக்கியம்! மறுநாள் காலை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'முழுப் பழம் உண்பது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது. இப்படிக்கு, நிர்வாகம்.'

அவர் அதை மூன்று முறை படித்தார். பத்து வயது குறைந்ததுபோல் இருந்தது. ஓய்வு பெற்ற இந்த ஆறு ஆண்டுகளில் எதிர்த்து நிற்க ஒரு உருப்படியான எதிரி இல்லாமல் அவர் வாடிப்போயிருந்தார்.

மேசைமேல் பிஸ்கட் டப்பா இருந்தது. பக்கத்தில் ஒரு கூஜா ஜூஸ்.

"சாப்பிடுங்க" என்றார் மனைவி.

"இது லஞ்சம்!" என்று முழங்கினார் முழக்கத்தார். "ஒரு கையால உரிமையைப் பறிச்சுட்டு, இன்னொரு கையால பிஸ்கட்டை நீட்டுறதா? வாயை அடைக்கிறதா? தடை நீங்குற வரைக்கும் இந்த வீட்டு ஜூஸையும் பிஸ்கட்டையும் நான் பகிஷ்கரிக்கிறேன். அந்த டப்பா மூடியைக்கூடத் தொட மாட்டேன்!"

"அய்யய்யோ, ஒண்ணே ஒண்ணாவது..."

"அரைகூடக் கிடையாது!"

அந்த அம்மாள் வருத்தத்தோடு கூஜாவை எடுத்துக்கொண்டு போனார். அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது.

முதல் நாள் போராட்டம் தெருமுனைப் பழக்கடையிலேயே தடுத்து நிறுத்தப்பட்டது. கடைக்காரம்மா தராசின் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு விக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லிட்டாங்க ஐயா."

"நீ ஒரு உழைப்பாளி. நீயே நிர்வாகத்துக்குத் துணை போறியா?"

"அக்கா தினமும் வாங்குறாங்க. நீங்க இத்தனை வருஷத்துல என்னைக்காவது ஒரு எலுமிச்சம்பழம் வாங்கியிருக்கீங்களா?"

வர்க்க உணர்வு இப்படித்தான் மழுங்குகிறது. முழக்கத்தார் பாலம் தாண்டி இருக்கும் பெரிய சந்தைக்கு நடந்தார். போக அரை மணி, வர அரை மணி. பஸ்ஸில் போகலாம், ஆனால் பஸ் நிறுத்தம் அவர் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே. நிர்வாகத்தின் கண் அங்கேயே இருக்கும். ஆகவே தினமும் நடை.

வாங்கிய பழங்களை ஒளித்துவைக்க, கட்டடத்தின் தரைத்தளத்தில் கடை வைத்திருந்த தையல்காரர் முன்வந்தார். அவர் முழக்கத்தாரின் பழைய சீடர். "தலைவரே" என்று இன்னமும் கூப்பிடும் ஒரே ஆள். நூல்கண்டுப் பெட்டிக்குள் கொய்யா, பித்தான் டப்பாவுக்குள் ஆரஞ்சு. ஒருநாள் சட்டைக்குப் பித்தான் கேட்டு வந்தவரிடம் அவசரத்தில் ஆரஞ்சை எடுத்து நீட்டிவிட்டார். "கொஞ்சம் சின்னதா வேணும்" என்றாராம் அந்த ஆள்.

சாப்பிடும் இடம், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம். லிஃப்ட் அவர் வீட்டு வாசலில் நின்று போகும். அதனால் பின்பக்கப் படிக்கட்டு. நான்கு மாடி. முதல் வாரம் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். மூன்றாம் வாரம் ஒரே ஒரு இடத்தில் நின்றார். அதுவும் யாராவது பின்தொடர்கிறார்களா என்று பார்க்க.

தலைமறைவு வாழ்க்கையில் கத்தி ஏது? தோலோடு கடித்தார். கொய்யா லேசுப்பட்டதில்லை, மென்று முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. இதே பழம் கூஜாவில் இருந்தால் ஒரே மடக்கில் போயிருக்கும், அடுத்த கூஜா எங்கே என்று வயிறு கேட்டிருக்கும். இப்போது தாடை வலித்தது. வயிறு வாயை மூடிக்கொண்டது. அது மட்டுமல்ல. பழம் இனித்தது! இத்தனை வருஷமாக நான்கு கரண்டி சர்க்கரை அந்த ருசியை அவரிடமிருந்து சுரண்டியிருக்கிறது. இதுவும் ஒரு சுரண்டல் என்று குறித்துக்கொண்டார்.

ஒருநாள் மேல்மாடி நர்ஸம்மா துணி உலர்த்த வந்து அவரைப் பார்த்துவிட்டாள். அதே மருத்துவமனையில், அதே டாக்டரிடம் வேலை பார்ப்பவள். முழக்கத்தார் கொய்யாவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். ஏற்கெனவே அங்கே இடநெருக்கடி.

"மறைக்காதீங்க ஐயா. நல்லா மென்னு சாப்பிடுங்க."

"நிர்வாகத்துக்கிட்ட சொல்லிட மாட்டியே?"

"நான் ஏன் சொல்றேன்?" என்று சிரித்தாள்.

மக்கள் ஆதரவு பெருகிவருகிறது என்று தையல்காரரிடம் போய்ச் சொன்னார்.

இருபத்தோராம் நாள் கோரிக்கை மனு தயாரானது. சாப்பாட்டு மேசையில் பேச்சுவார்த்தை. அவர் பக்கச் சாட்சி தையல்காரர். அந்த அம்மாளின் பக்கச் சாட்சி நர்ஸம்மா. நடுவே அந்தப் பிஸ்கட் டப்பா, தொடப்படாமல்.

"தினமும் ரெண்டு முழுப் பழம். தோலோட. வெளிப்படையா, வீட்டுலயே உட்கார்ந்து" என்றார் முழக்கத்தார்.

"முடியாது."

"ரெண்டு!"

"வேணா வாரத்துக்கு ஒண்ணு."

"பிச்சையா போடுறே?"

"சரி, தினம் அரை."

"தலைவரே, அரைன்னா நல்ல முன்னேற்றம்தான்..." என்று ஆரம்பித்தார் தையல்காரர்.

"நீ சும்மா இருய்யா! இப்படித்தான் இயக்கத்தை விக்கிறீங்க!"

ஒரு மணி நேரம் இழுபறி. கடைசியில் அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார்.

"சரிங்க. தினம் ரெண்டு. ஆனா எனக்கும் ஏதாவது விட்டுக்கொடுக்கணும். சும்மா எப்படித் தோக்கிறது? நாளைக்கு நாலு பேர் என்னை என்ன சொல்லுவாங்க?"

தோற்ற எதிரியிடம் பெருந்தன்மை காட்ட வேண்டும் என்பது முழக்கத்தாரின் கொள்கை. வாழ்க்கையில் அதற்கு வாய்ப்பு வந்ததில்லை.

"கேளு."

"ஜூஸ் உரிமையை நிரந்தரமா விட்டுடுங்க."

"எடுத்துக்கோ!"

"பிஸ்கட்?"

"அதுவும் உனக்கே!"

"பழம் நீங்களே சந்தைக்கு நடந்து போய்த்தான் வாங்கணும். என்னால அலைய முடியாது."

"என் பழத்தை நான் வாங்கிக்கிறேன். வேற?"

"சின்னத் தட்டு அப்படியே இருக்கட்டும்."

முதல் நான்கு அநீதிகளில் ஒன்று அது. கொஞ்சம் யோசித்தார். ஆனால் வெற்றி வாசலில் நிற்கும்போது தட்டைப் பற்றியா பேசுவது? கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாளும் போட்டார். போட்டுவிட்டு, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின.

"அழாதேம்மா" என்றார் முழக்கத்தார், மனம் இளகி. "போராட்டம்னா ஒரு பக்கம் தோக்கத்தான் வேணும்."

தோள்கள் இன்னும் அதிகமாகக் குலுங்கின. நர்ஸம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

மூன்று மாதம் முடிந்தது. ரத்தம் கொடுத்த மறுநாள் காலை, முடிவைக் கொண்டுவர நர்ஸம்மா போயிருந்தாள். முழக்கத்தார் கூடத்தில் சாட்சிகளைக் கூட்டினார். தையல்காரர் வந்தார். பழக்கடைக்காரம்மா வந்தாள், துரோகிகளும் திருந்த ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்று அவளையும் அழைத்திருந்தார். கையெழுத்து வாங்க வந்த தபால்காரரும் அப்படியே நின்றுவிட்டார். முழக்கத்தார் கையில் ஒரு கொய்யா. நாற்காலிமேல் ஏறி நின்று பேச ஆசைதான். நாற்காலியைப் பார்த்து, தரையில் நின்றே பேசினார்.

பேச்சு பாதியில் இருக்கும்போது நர்ஸம்மா காகிதத்தோடு உள்ளே வந்தாள். அந்த அம்மாள் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல்கள் வெளுத்திருந்தன.

"ஆறு புள்ளி எட்டு!" என்றாள் நர்ஸம்மா. "ஊசி வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார்!"

தையல்காரர் கைதட்டினார். தபால்காரர் எடைக் கருவியைக் காட்டி, "தொண்ணூத்தஞ்சு சார்! காலையில நீங்க ஏறினப்ப வாசல்லேர்ந்தே பார்த்தேன்!" என்றார். அந்த அம்மாள் மெதுவாகக் கதவை விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த முறை அது நிஜ அழுகை. முழக்கத்தார் கவனிக்கவில்லை, அவர் அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தீங்களா தோழர்களே! எந்தப் பழத்தை நிர்வாகம் தடை பண்ணிச்சோ, அந்தப் பழம்தான் என்னைக் காப்பாத்திச்சு! அந்த டாக்டரும் சேர்ந்துதான் தடுத்திருப்பார்! கேட்டிருந்தா என் கதி என்ன?"

"டாக்டர் எங்கய்யா தடுத்தார்?" என்றாள் நர்ஸம்மா. "அவர் எழுதிக் கொடுத்தது அதுதானே? அக்கா, அந்தப் பழைய காகிதம் பையில இருக்குமே?"

அந்த அம்மாள் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். நர்ஸம்மா படித்தாள்.

"'தினம் இரண்டு முழுப் பழம், தோலுடன். ஜூஸ் கூடாது. பிஸ்கட் கூடாது. தினமும் ஒரு மணி நேரம் நடை. சிறிய தட்டு.' தேதி, நீங்க டோக்கனுக்காகச் சண்டை போட்ட அன்னைக்கு."

முழக்கத்தாரின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அந்தத் தெருவின் சரித்திரத்தில் இப்படி நடந்ததே இல்லை.

தையல்காரர் தலையைச் சொறிந்தார். "தலைவரே, அப்ப நம்ம கோரிக்கை மனு...?"

"நேரா சொல்லியிருந்தா நீங்க செஞ்சிருப்பீங்களா?" என்றார் அந்த அம்மாள். "பத்து வருஷம் நறுக்கி வச்சேன். தொட்டீங்களா?"

"அதுக்கு ஏமாத்துறதா? நான் பாட்டுக்குப் பிஸ்கட்டை எடுத்துத் தின்னிருந்தா?"

"எங்கேர்ந்து தின்னிருப்பீங்க?"

அந்த அம்மாள் பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திறந்து, சாட்சிகள் பார்க்கச் சாய்த்துக் காட்டினார். மூன்று மாதம் முழக்கத்தார் வீரத்தோடு பகிஷ்கரித்த அந்த டப்பாவில் ஒரு பிஸ்கட்கூட இல்லை. அடியில் மஞ்சளேறிய ஒரு காகிதம் மட்டும் மடித்துக் கிடந்தது.

"சதி!" தொண்டை திரும்பி வந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "இது உன் மூளை இல்லை! இவ்வளவு திட்டம் போட்டு ஒரு ஆளைக் கவுக்க உனக்குத் தெரியாது! யாரோ கைதேர்ந்த ஆள் சொல்லிக் கொடுத்திருக்கான். யார் அவன்? இத்தனை சாட்சிகள் முன்னாடி அவன் பேர் எனக்குத் தெரிஞ்சாகணும்!"

"தெரிஞ்சே ஆகணுமா?"

"ஆகணும்!"

"நர்ஸம்மா, அந்த டப்பாவுக்குள்ள இருக்கிறதை எடுத்துப் படிம்மா. சத்தமாப் படி, கடைசி வரைக்கும்."

நர்ஸம்மா காகிதத்தைப் பிரித்தாள். நான்கு பக்கத் துண்டறிக்கை. மடிப்பில் ஒரு பிசிறு இல்லை. மடித்த கை அப்படி.

"'வெளியீடு எண் பதினேழு. தடை என்னும் தூண்டில்.'"

முழக்கத்தார் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"'தோழர்களே! உடைந்த பிஸ்கட்டை அள்ளிக் கொண்டுபோய்க் கொட்ட நிர்வாகம் வண்டி வைத்து அல்லாடிக்கொண்டிருந்தது என்பதை நாம் ஒரு வருடம் கழித்தே அறிந்தோம். அந்தக் குப்பையை நம் தலையில் கட்டவே அவர்கள் தடை போட்டார்கள். நாமும் பதினோரு நாள் பட்டினி கிடந்து குப்பையை வென்றோம். இந்தத் தந்திரத்தின் படிகளை அறிந்துகொள்ளுங்கள். முதற்படி: கொடுக்க விரும்புவதைத் தடை செய். காரணம் சொல்லாதே. இரண்டாம் படி: கேட்டவுடன் கொடுக்காதே, அரை அரையாக இறங்கு. மூன்றாம் படி: கையெழுத்துப் போடும்போது தோற்றவன் போல் தலையைக் குனிந்துகொள். எதிரி எவ்வளவு பெரிய போராளியோ, அவ்வளவு சுலபமாக மாட்டுவான்.'"

பழக்கடைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தபால்காரர் கேட்டார்:

"நல்லா எழுதியிருக்காரே! யாரு இவரு?"

முழக்கத்தார் கையிலிருந்த கொய்யாவை ஒரு கடி கடித்தார். மென்றுகொண்டே இருந்தார். வாயில் பழம் இருக்கும்போது யாரும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

நர்ஸம்மா கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அடியில், கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வரி. தொண்டையைச் செருமிக்கொண்டு, சாட்சிகள் அனைவருக்கும் கேட்கும்படி அதை உரக்கப் படித்தாள்:

"'எழுதி வெளியிட்டவர், முழுப் பொறுப்பாளர்: முழக்கம்.'"